கருப்பசாமிக்கு நேர்ந்த ஹாஸ்டல் முயல்

வியாகுலம்மாள் என்று பெயர் வைத்தவர்கள், பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். வியாகுலம் என்றால் துயரம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் அவர் பதினாறு வருஷம் மேட்ரனாக இருந்தார். அந்தப் பதினாறு வருஷத்திலும் அவர் துயரப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. எதிரே நின்றவர்கள் பட்டிருக்கிறார்கள்.

ஆடு வளர்க்கும் சம்சாரி வீட்டில் மூத்த பெண். பட்டி நிறைய ஆடு மேய்த்த கைக்கு, விடுதி நிறையப் பெண்கள் ஒன்றும் பெரிதில்லை. வீட்டுக்காரர் அன்புமணி லாரி டிரைவர்; வெங்காய மூட்டையோடு கிளம்பினால் எந்த ஊரிலிருந்து எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் வியாகுலம்மாள் விடுதியிலேயே தங்கி, விடுதியிலேயே சாப்பிட்டு, விடுதிக்கு விதி எழுதினார். நிலக்கோட்டைப் பக்கம் சிலருக்குப் பூவை எடுத்துக் கொடுத்துவிட்டால் கட்டுகிற கை நிற்காது. வியாகுலம்மாளுக்கு விதி எழுதுகிற கை நிற்காது.

தொண்ணூற்றாறு வரைக்கும், பிராணிகளைப் பற்றி விடுதியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அறையில் பிராணி வளர்க்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் அதுவே போதும். ஆனால் கல்லூரிக்கு வருகிறவர்கள் யோசிக்கத்தானே வருகிறார்கள்!

அறிவுச்செல்வி என்ற பெண் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு சிவப்பு மீனைக் கொண்டுவந்தாள். பிடிபட்டதும், "மேட்ரன், இது ரூம்லயா இருக்கு? தண்ணிலதான இருக்கு" என்றாள். மறுநாள் விதியில் "தண்ணீரில் உள்ளவையும் அடங்கும்" என்று சேர்ந்தது. சிறுமலைப் பெண் ஒருத்தி லீவு முடிந்து வாழைத்தாரோடு வந்தாள். தாருக்குள் ஓர் அணில் குஞ்சு. "நான் கொண்டு வரல மேட்ரன், தாரோட அதுவா வந்துச்சு." சரி, "தானாக வந்தவையும் அடங்கும்." அன்று மாலையே மூன்றாம் மாடிப் பெண்கள் மொத்தமாகக் கீழே இறங்கிவந்து, "சுவத்துல பல்லி தானா வந்திருக்கு மேட்ரன். விதிப்படி வெளியேத்துங்க" என்று கை கட்டி நின்றார்கள். வியாகுலம்மாள் விளக்குமாற்றோடு அரை நாள் சுவர் சுவராகத் தாவினார். பிறகு "பல்லி நீங்கலாக" வந்தது.

கமர்ஜஹான் மட்டும்தான் அவரை மடக்கியவள். அவள் அறை ஜன்னலில் ஒரு சாம்பல் பூனை எப்போதும் உட்கார்ந்திருக்கும்.

"இத யாரு வளக்குறது?"

"யாரும் வளக்கல மேட்ரன். அதுவா வருது, சாப்பிடுது, தூங்குது, சொல்லாம கொள்ளாமப் போயிருது. உங்க வீட்டுக்காரர் மாதிரிதான்."

அன்றைக்கு மட்டும் விதி எதுவும் எழுதப்படவில்லை. மேட்ரன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெஸ் பக்கம் போனதாகக் கேள்வி.

இப்படியெல்லாம் ஓட்டையை அடைத்து அடைத்து வைத்திருந்தவர், தொண்ணூற்றெட்டு ஜூனில் தன் கையாலேயே ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட்டார்.

சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து பானுப்ரியா முதல் வருஷம் சேர வந்தாள். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் மூடிய கூடை. கூடைக்குள்ளிருந்து கொக்கொக்கென்று சத்தம். பின்னாலேயே அவள் அம்மா ஜக்கம்மாள்.

"கூடைல என்ன?" என்றார் வியாகுலம்மாள்.

"எளஞ்சேவலும்மா" என்றார் ஜக்கம்மாள். "இவ பன்னெண்டாவதுல கணக்குல தேறவே மாட்டான்னு ஊரே சொல்லுச்சு. நம்ம கருப்பசாமிட்ட நேந்துக்கிட்டேன். தேறிட்டா! யாருக்காக நேந்தமோ அவ கையாலதான் தீனி போட்டு வளக்கணும், அது எங்க வழக்கம். ஆவணில திருவிழா. அம்புட்டு நாளுக்குத்தான்."

"இங்க பிராணிக்கு இடமில்லம்மா."

"இது பிராணி இல்ல தாயி. சாமிக்கு நேந்தது."

வேறு மேட்ரனாக இருந்தால் கூடையைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் வியாகுலம்மாள் வீட்டில் வருஷா வருஷம் செபஸ்தியாருக்கு ஒரு கிடாய் நேர்ந்துவிடுவார்கள். நேர்ந்த கிடாய் எந்தக் காட்டில் மேய்ந்தாலும் யாரும் கம்பெடுக்க மாட்டார்கள். செபஸ்தியாருக்கு ஒரு நியாயம், கருப்பசாமிக்கு ஒரு நியாயமா? மனசு கேட்கவில்லை. கூடை உள்ளே போனது. மறுநாள் காலை விதியின் வாலில் "நேர்த்திக்கடனுக்கு விடப்பட்டவை நீங்கலாக" என்ற மூன்று சொல் தொங்கியது.

ஐயோ, அந்த மூன்று சொல்! ஒரே வாரத்தில் விடுதியில் பக்தி பெருகியது பாருங்கள், எந்த மடாதிபதியும் அப்படிப் பெருக்கியிருக்க முடியாது. அறிவுச்செல்வியின் மீன் சமயபுரத்தாளுக்கு நேர்ந்ததாயிற்று. வரலாற்றுத் துறைப் பெண்ணின் லவ் பேர்ட்ஸ் இரண்டும், அக்கா கல்யாணத்துக்காக ஜோடியாக நேர்ந்துகொள்ளப்பட்டவை. கட்டிலுக்கடியிலும் வாளிக்குள்ளும் ஒளிந்து வாழ்ந்த ஜீவன்களெல்லாம் தலை நிமிர்ந்து வராந்தாவுக்கு வந்தன.

வியாகுலம்மாள் ஒருவரையும் மறுக்கவில்லை. ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்விதான்: "எந்தச் சாமிக்கு?" பதில் வந்ததும், மஞ்சளில் நனைத்த ஒரு துணிக்கிழிசலை எடுத்து, நேர்ந்த ஆட்டுக்குக் கட்டுகிற மாதிரி அந்தந்த ஜீவனின் கழுத்தில் அவரே கட்டினார். மீனுக்குக் கழுத்து இல்லாததால் பாட்டிலின் கழுத்தில் கட்டினார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. புத்தியுள்ளவளாக இருந்தால் ஒருத்தியாவது அங்கேயே பயந்திருக்க வேண்டும்.

வரிசையில் கடைசியாக நின்றவள் தமிழ்நிலா. தொப்பம்பட்டிக்காரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம். நெஞ்சோடு அணைத்து ஒரு வெள்ளை முயல். காது இரண்டும் தொங்கிக் கிடந்ததால் அதற்கு ஃப்ளாப்பி என்று பெயர். ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கியது. ஒரு முழு வருஷம் பழைய சூட்கேஸுக்குள் குடியிருந்தது. தமிழ்நிலா அதற்குத் தன் வெஞ்சனத்திலிருந்து கேரட்டை ஒதுக்கி ஒதுக்கி, அவளே முயல் மாதிரி இளைத்துப்போயிருந்தாள்.

"எந்தச் சாமிக்கு?"

பழனி முருகனுக்கு என்று சொல்லத்தான் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பானுப்ரியாவின் சேவல் காது கிழியக் கூவியது. தமிழ்நிலா துள்ளி விழுந்தாள். வாயில் வந்தது வேறு.

"கருப்பசாமிக்குங்க!"

"எந்தக் கருப்பசாமி?"

"பா... பானு ஊருக் கருப்பசாமிங்க."

வியாகுலம்மாள் முயலைப் பார்த்தார். தமிழ்நிலாவைப் பார்த்தார். மஞ்சள் துணியைக் கட்டிவிட்டார்.

அறைக்கு வந்ததும் கமர்ஜஹான் பிடித்துக்கொண்டாள். "அடியே, ஜன்னலத் தொறந்தா பழனி மலை தெரியுற ஊர்க்காரி நீ! முருகன்னு சொல்லிருந்தா பாலு, பஞ்சாமிர்தத்தோட போயிருக்கும். தேடித் தேடி வெட்டுற சாமியாப் புடிச்சிருக்கியேடி!"

"அவசரத்துல வந்துருச்சு புள்ள" என்றாள் தமிழ்நிலா. "ஆனா நெசமாலுமே கொண்டுபோகச் சொல்லுவாங்களா என்ன?"

ஆவணி பிறந்தது. ஒரு புதன்கிழமை, மெஸ்ஸில் எல்லோரும் தட்டில் கை வைத்த நேரம், வியாகுலம்மாள் நடுவில் வந்து நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பானு ஊர்ல கருப்பசாமி திருவிழா. காலேஜ் வேன் கேட்டு வாங்கியாச்சு. பானு சேவல் போகுது. அதே சாமிக்கு நேந்தது வேற எது இருந்தாலும் அதுவும் போகுது. நான் கூட வாரேன். மத்த சாமிகளுக்குத் திருவிழா எப்ப எப்பன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். சாப்பிடுங்கத்தா, ஆறிப்போகுது."

யாருக்குச் சோறு இறங்கும்! பொழுது சாய்வதற்குள் அறிவுச்செல்வி மேட்ரன் அறை வாசலில் நின்றாள். நேர்ந்ததெல்லாம் சும்மா, சமயபுரத்தாளுக்கு இந்த விஷயமே தெரியாது என்று ஒப்புக்கொண்டாள். மீன் விலங்கியல் துறைத் தொட்டிக்குப் போனது. லவ் பேர்ட்ஸ் பேகம்பூரில் ஒரு சித்தி வீட்டுக்குப் போயின. அக்காவின் கல்யாணம் எப்படியும் நடக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று நம்பிக்கை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் மேட்ரன் மேஜை மேல் மஞ்சள் துணி குவிந்து கிடந்தது. முயலின் துணி அதில் இல்லை.

அன்று மாலை வியாகுலம்மாளே ஆள் அனுப்பித் தமிழ்நிலாவைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, பொய்யா நேந்திருந்தா இப்பவே சொல்லிரு. ஃபைன் இல்ல, திட்டு இல்ல. முயல மட்டும் உங்க ஊர்ல கொண்டுபோயி விட்ரணும்."

"ஊர்ல எங்கப்பா ரெண்டு நாய் வெச்சிருக்காருங்க மேட்ரன்."

"கட்டிப் போடச் சொல்லு."

"முயல் புடிக்கற நாய்ங்க. ரெண்டும் அதுக்குன்னே பொறந்ததுங்க."

"வேற யார்ட்டயாச்சும் குடேன்."

"கமரு வீட்லயும் பூனைங்க இருக்குதுங்க. பானு வீட்ல கேட்டேன். அவங்கம்மா குழம்புக்கு எத்தன பேரு வருவீங்கன்னு கேக்கறாங்க."

வியாகுலம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அப்ப நெசமாத்தான் நேந்தியா?"

இந்த இடத்தில் தமிழ்நிலா செத்த நேரம் யோசித்தாள். இல்லை என்றால் நாய். ஆமாம் என்றால் சாமி. நாயிடம் பேச முடியாது. சாமியிடம் பேசிப் பார்க்கலாம்.

"நெசந்தானுங்க மேட்ரன்."

"சரி. நேந்தது நேந்ததுதான். ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை வேனில் அப்படியொரு கூட்டம்! இரண்டு பிராணிக்கு இருபது பேர் துணை. கமர்ஜஹான் தொண்டை கட்டும் வரை சாமியை எப்படி ஏமாற்றுவது என்று திட்டம் சொன்னாள். முயலுக்குப் பதிலாகப் பருத்திப் பஞ்சைக் கொடுத்துவிடலாம், வேனைப் பஞ்சர் ஆக்கலாம், தமிழ்நிலா மயங்கி விழலாம். "மயக்கம் போட்டா உன்ன எடக்கைல தூக்கிட்டு முயல வலக்கைல தூக்கிட்டுப் போவேன்" என்று முன் சீட்டிலிருந்து மேட்ரன் குரல் வந்தது. திட்டம் அத்தோடு முடிந்தது.

கோயில் என்றால் கோபுரம் இல்லை. ஒரு புளியமரம், நட்டுவைத்த அரிவாள்கள், பொங்கல் பானைகளின் புகை, உறுமி, மேளம். உறுமிச் சத்தம் அடிவயிற்றுக்குள் புகுந்து ஆட்டியது. பூசாரி ஒச்சப்பன் சந்தனம் பூசிய நெஞ்சோடு, கையில் அரிவாளோடு நின்றார். வியாகுலம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஜெபமாலையோடு கூட்டத்தின் முன்வரிசைக்குப் போய் நின்றார். அவர் சாமி கும்பிட வரவில்லை. விதிமுறை எந்தச் சாமிக்கும் விதிமுறைதான் என்று பார்க்க வந்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்த ஆட்டையோ சேவலையோ கொண்டுவந்து நிறுத்தியதும் அரிவாள் இறங்கிவிடாது. முதலில் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் எதையும் வெட்ட மாட்டார்கள். மூன்று தடவை தெளிப்பார்கள்.

பானுப்ரியாவின் சேவல் முன்னால் போனது. அது வாயாடிச் சேவல். தண்ணீர் மேலே படுவதற்கு முன்பே சிலுப்பிவிட்டது. கணக்குப் பாஸானதற்கான கடன் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்தது. பானுப்ரியா தேம்பித் தேம்பி அழுதாள். பந்தியில் அழுதபடியே தொடைக்கறியைக் கேட்டு வாங்கினாள் என்பதும் உண்மை. அது பிறகு.

அடுத்து, தமிழ்நிலா முயலைத் தரையில் வைத்தாள்.

உறுமி அடித்தவர் தாளத்தை விட்டுவிட்டார். ஒச்சப்பன் குனிந்து பார்த்தார்.

"என்னாத்தா இது?"

"முயலுங்க."

"மொசல்னு தெரியுது. அதுக்கு இங்க என்ன சோலி?"

"நேந்ததுங்க."

"எதுக்கு நேந்த?"

தமிழ்நிலாவுக்கு அதற்கு ஒத்திகை இல்லை. வியாகுலம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து, "நேந்தா நேந்ததுதான பூசாரி, காரணம் கேட்டா வாங்குவீக?" என்றார்.

ஒச்சப்பன் தலையைச் சொறிந்தார். "எங்க தாத்தன் நாள்ல வேட்டையாடுன மொசலப் படைச்சிருக்காக. உசுரோட வந்ததில்ல. சரி, சாமி கேட்டா வெட்டுவோம். கேக்கலைன்னா இல்ல. ஏலே அழகரு, தண்ணியக் கொண்டா!"

கூட்டம் நெருக்கியடித்தது. ஆட்டைப் பார்த்துச் சலித்த ஊருக்கு முயல் கிடைத்தால் விடுவார்களா! பையன்கள் புளியமரத்தில் ஏறினார்கள். "சிலுப்பும்டா, ஈரம்னா மொசலுக்கு ஆகாது" என்று ஒருவர் ஊருக்கே அறிவித்தார். தமிழ்நிலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. அவள் கருப்பசாமியை வேண்டவில்லை. "முருகா, நான் ஆள மாத்திச் சொல்லிட்டேன். நீயே வந்து இவருகிட்டச் சொல்லு முருகா" என்றுதான் வேண்டினாள். பக்கத்தில் நின்ற கமர்ஜஹானும் ஏதோ ஓதினாள்.

முதல் தண்ணீர் விழுந்தது. முயல் அசையவில்லை.

"மேலுக்குப் படல, மேலுக்குப் படல!" என்று கூட்டம் கத்தியது.

இரண்டாவது தண்ணீர் தலையிலேயே விழுந்தது. தொங்கும் காதிலிருந்து மஞ்சள் சொட்டியது. முயல் கண்ணை விரித்து, காலை மடக்கி, சுண்ணாம்பில் செய்துவைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. மூக்கு கூட ஆடவில்லை. உறுமிச் சத்தத்துக்கே அதன் பாதி உயிர் போயிருந்தது. மீதி உயிர், எதற்கு வம்பு என்று சும்மா இருந்தது.

"செத்துப் போச்சா?"

"ஏய், கண்ணு முழிச்சிருக்குல்ல!"

"எம்புட்டு அழுத்தம் பாரு, பொம்பளப்புள்ள வளத்ததுல்ல!"

ஒச்சப்பன் செம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குடத்தையே எடுத்தார். தமிழ்நிலா கண்ணைத் திறந்துவிட்டாள். அந்த நேரத்தில் வியாகுலம்மாளின் ஜெபமாலை மணிகள் மிஷின் வேகத்தில் நகர்ந்ததைப் பார்த்ததாகப் பானுப்ரியா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். சிலுப்பச் சொல்லி ஜெபித்தாரா, சிலுப்ப வேண்டாமென்று ஜெபித்தாரா என்று கேட்டால் மட்டும் அவளுக்குத் தெரியாது.

குடம் கவிழ்ந்தது. தரையெல்லாம் மஞ்சள் வெள்ளம். நனைந்து பாதியாய்ச் சுருங்கிய முயல், அதே இடத்தில், அதே முழியில், அசையாமல் இருந்தது.

ஒச்சப்பன் அரிவாளைக் கீழே ஊன்றினார். "சாமி வேணாங்குது."

தமிழ்நிலா போட்ட கூச்சலில் புளியமரத்திலிருந்து ஒரு பையன் சறுக்கி இறங்கினான். இருபது பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். கமர்ஜஹானுக்குக் குலவை போட வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழ்நிலா முயலை எடுக்கக் குனிந்தாள். ஒச்சப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

"இரு ஆத்தா. சாமி வெட்ட வேணாம்னுச்சு. ஒனக்குத் திருப்பிக் குடுத்துருச்சுன்னு யாரு சொன்னா? சாமிக்குன்னு எல்லையில நின்னது சாமிக்குத்தான். இனி யாரும் விக்கக் கூடாது, வெட்டக் கூடாது, எனக்குச் சொந்தம்னு சொல்லக் கூடாது. அதும்பாட்டுக்கு உசுரு இருக்கமட்டும் இருக்கணும்."

"எங்க இருக்கணும்?" என்றார் வியாகுலம்மாள்.

"எங்க இருந்து வந்துச்சோ அங்கதான். நீங்கதான் பொறுப்பு, கூட்டிட்டு வந்தவுக."

பிராணி வேண்டாம் என்று வருஷக்கணக்காக விதி எழுதிய கை, ஈர முயலைத் தூக்கி முந்தானையில் சுற்றியது. வியாகுலம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். பெண்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதுதான் தாமதம், உறுமிச் சத்தம் கொஞ்சம் தணிந்ததும், முந்தானைக்குள்ளிருந்து ஃப்ளாப்பி தலையை நீட்டியது. நீட்டி, மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள்! மேட்ரனின் கண்ணாடி, நெற்றி, முன் சீட்டு எல்லாம் மஞ்சள் தண்ணீர்.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெளியே, இருபது அடியில், ஒச்சப்பன் வேனைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். பிரசாதம் கொடுக்கத்தான் வந்தாராம்; அது யாருக்குத் தெரியும்!

வியாகுலம்மாள் திரும்பி டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "என்ன வேடிக்க பாக்குற? வண்டிய எடுறா!"

வேன் எடுத்த எடுப்பில் புழுதிக்குள் யாரும் தெரியவில்லை. பட்டிவீரன்பட்டி விலக்கு தாண்டும்வரை பெண்கள் சிரித்த சிரிப்பில், ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடியது. பந்திக்கென்று கோயிலிலேயே தங்கிவிட்ட பானுப்ரியாவை மறந்துவிட்டார்கள் என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

தமிழ்நிலா பின் சீட்டிலிருந்து மெல்ல எழுந்து, முன்னால் வந்து, முயலை வாங்கக் கை நீட்டினாள்.

"கைய எடு" என்றார் வியாகுலம்மாள். "பூசாரி சொன்னது காதுல விழலயா? இனி உன் முயல் இல்ல. சாமி சொத்து. ரூமுக்குள்ள வரக் கூடாது. மெஸ்ஸுக்குப் பின்னால கூண்டு அடிச்சு வைக்கப் போறேன்."

"சரிங்க மேட்ரன்."

"சாமி சொத்துக்கு நேரம் தவறாமத் தீனி வைக்கணும். தெனமும் காலைல நீதான் வந்து கீரை போடணும், கூண்டக் கழுவணும். ஞாயித்துக்கிழமையும் உண்டு."

தமிழ்நிலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனுங்க மேட்ரன், இதத்தானுங்களே நான் ஒரு வருஷமாச் செஞ்சிட்டிருக்கேன்?"

வியாகுலம்மாள் கண்ணாடியைக் கழற்றி, முயலின் ஈரம் படாத முந்தானைப் பக்கமாகத் தேடித் துடைத்துக்கொண்டார்.

"குளிக்காமச் செஞ்ச. இனிமே குளிச்சிட்டுச் செய்."